எந்தப் பக்கம்?: அமெரிக்காவில் மாநில மேல்முறையீட்டு நீதிபதி ஆக நினைப்பவர்களுக்கு

என் தங்கை மகள் கலிஃபோர்னியாவில் சட்டக் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் போனில், “பெரியம்மா, அப்பீல் கோர்ட் ஜட்ஜ் ஆகணும்னா எப்ப அப்ளை பண்ணணும்?” என்று கேட்டாள். பாஸ்போர்ட் எடுக்கிற மாதிரி கேட்கிறாளே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கேள்வியில் தப்பில்லை. விண்ணப்பம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. நிரப்ப உட்காரும் நாளில் அதில் பாதி, பத்துப் பதினைந்து வருஷமாக நாம் செய்த வேலையால் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். அது நல்லபடியாக நிரம்பியிருக்கிறதா என்பதுதான் சங்கதி.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் நீதிபதி இல்லை, நீதிபதிக்குப் பின்னால் உட்கார்ந்து கட்டுப் படிக்கிறவள். மதுரையில் சட்டம் படித்து, மூன்று வருஷம் ஒரு சீனியரிடம் ஜூனியராக இருந்து, கல்யாணமாகிக் கலிஃபோர்னியா வந்தேன். ஏற்கெனவே வக்கீலாகப் பதிவு பெற்றிருந்ததால், இங்கே வக்கீலாகப் பதிவு பெறுவதற்கான பார் தேர்வை எழுத எல்.எல்.எம். (சட்ட மேற்படிப்பு) கட்டாயமில்லை. பயத்தில் அதையும் படித்தேன். பிப்ரவரியில் எழுதிய தேர்வில் கோட்டை விட்டு, ஜூலையில் தேறினேன். ஐந்து வருஷம் ஒரு சின்ன அலுவலகத்தில் அப்பீல் வேலை. அதற்கப்புறம் இன்றுவரை ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆராய்ச்சி வழக்கறிஞர், அதாவது நீதிபதிக்கு வரைவுத் தீர்ப்பு எழுதித் தருகிற வக்கீல். மூன்று நீதிபதிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். எந்த நீதிமன்றம் என்பது இங்கே வேண்டாம்.

வேலை என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

சினிமாவில் பார்க்கிற நீதிபதி வேலை இதில் ஒன்றுமே கிடையாது. சாட்சி வரமாட்டார். ஜூரி கிடையாது. சுத்தியல் தட்டுவது கிடையாது. விசாரணை நீதிமன்றத்தில் முடிந்துபோன வழக்கின் கட்டு வரும். கலிஃபோர்னியாவில் அது இரண்டு பகுதி. மனுக்கள், உத்தரவுகள் எல்லாம் சேர்ந்தது கிளார்க்ஸ் டிரான்ஸ்கிரிப்ட். நீதிமன்றத்தில் பேசப்பட்ட ஒவ்வொரு வார்த்தையும் தட்டச்சாக இருப்பது ரிப்போர்ட்டர்ஸ் டிரான்ஸ்கிரிப்ட். எங்கள் வாயில் சி.டி., ஆர்.டி. ஒரு கொலை வழக்கின் ஆர்.டி. சில ஆயிரம் பக்கம் இருக்கும். இரண்டு தரப்பும் எழுத்தில் வாதம் தருவார்கள். சிவில் வழக்கில் ஒரு வாதத்துக்கு 14,000 வார்த்தை வரை போகலாம், கிரிமினலில் 25,500. இவ்வளவையும் மூன்று நீதிபதிகள் படித்து, ஒருவர் எழுத, மற்ற இருவர் ‘உடன்படுகிறோம்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவார்கள், அல்லது மாறுபட்டு எழுதுவார்கள்.

நேரில் வாதாட விதிப்படி ஒரு தரப்புக்கு 30 நிமிடம். பாதிப் பேர் அதில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. பல வழக்குகளில் வாதமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆக மாதத்தில் சில நாள்தான் கறுப்பு அங்கி. மற்ற நாளெல்லாம் அறை, மேஜை, திரை, படிப்பு. பேசிப் பேசி ஜெயிக்கிற ஆளாக இருந்தால் இந்த வேலை இரண்டே மாதத்தில் கசந்துவிடும். விசாரணை நீதிமன்றத்தில் இருபது வருஷம் ராஜாவாக இருந்துவிட்டு இங்கே வந்து, “பேச ஆளே இல்லையே அம்மா” என்று என் அறை வாசலில் வந்து நின்ற ஒரு நீதிபதியை எனக்குத் தெரியும்.

மாநிலத்தைத் தேர்ந்தெடுப்பதே முதல் முடிவு

ஃபெடரல் நீதிபதி என்றால் வழி ஒன்றுதான்: ஜனாதிபதி நியமிக்க வேண்டும், செனட் ஒப்புக்கொள்ள வேண்டும், பதவி ஆயுளுக்கும். மாநில நீதிமன்றம் அப்படியில்லை. ஒவ்வொரு மாநிலமும் ஒரு தனி ஊர்.

டெக்சஸில் கட்சிச் சின்னத்தோடு தேர்தலில் நிற்க வேண்டும். 35 வயது ஆகியிருக்க வேண்டும், வக்கீலாகவோ வக்கீலும் நீதிபதியுமாகவோ 10 வருஷம் இருந்திருக்க வேண்டும், அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். பதவிக்காலம் 6 வருஷம். உங்கள் தீர்ப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், மேலே ஓட்டுச் சீட்டில் கவர்னருக்கோ செனட்டருக்கோ அடிக்கிற காற்று உங்களையும் சேர்த்துத் தூக்கிப் போய்விடும். 2018இல் ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின், சான் அன்டோனியோ மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் குடியரசுக் கட்சி நீதிபதிகள் கூட்டமாகத் தோற்றார்கள். 2024இல் பல இடங்களில் காற்று திரும்பி அடித்தது.

நியூயார்க்கில் பெயரே குழப்பும். அங்கே ‘சுப்ரீம் கோர்ட்’ என்பது விசாரணை நீதிமன்றம். அதில் தேர்தலில் ஜெயித்து வந்தவர்களிலிருந்துதான் கவர்னர் ஆள் எடுத்து, அப்பல்லேட் டிவிஷனின் நான்கு பிரிவுகளில் உட்கார வைக்கிறார். நேராக அங்கே குதிக்க முடியாது. நியூஜெர்சியில் இந்த வேலையைத் தலைமை நீதிபதி செய்கிறார். 70 வயதானால் வீட்டுக்குப் போக வேண்டும். வர்ஜீனியாவில் சட்டமன்றம் தேர்ந்தெடுக்கிறது. இலினாயில் முதலில் கட்சித் தேர்தல். அப்புறம் 10 வருஷத்துக்கு ஒரு தடவை ‘இவர் தொடரலாமா’ என்று மக்களிடம் கேட்பார்கள், 60 சதவீதம் ‘ஆம்’ வர வேண்டும்.

கலிஃபோர்னியாவில் கவர்னர் நியமிக்கிறார். மாநிலத்தில் ஆறு மேல்முறையீட்டு மாவட்டங்கள் (நம்மூர் மாவட்டம் மாதிரி இல்லை, நீதிமன்ற எல்லைகள்), மொத்தம் 106 நீதிபதி இடங்கள். சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ், சாக்ரமென்டோ, சான் டியேகோ, ஃபிரெஸ்னோ, சான் ஹோசே என்று தலைமையிடங்கள். நான்காவது மாவட்டத்துக்கு ரிவர்சைடிலும் சான்டா ஆனாவிலும் கிளைகள் உண்டு. மாநிலப் பாரில் (வக்கீல்களைப் பதிவு செய்கிற அமைப்பு) 10 வருஷம் உறுப்பினராகவோ, அதே அளவு காலம் இங்கே நீதிபதியாகவோ இருந்திருக்க வேண்டும். நியமனத்துக்கு அப்புறமும் மக்கள் முன்னால் போகத்தான் வேண்டும், ஆனால் எதிரில் போட்டியாளர் இல்லாமல். ஓட்டுச் சீட்டில் உங்கள் பெயர், பக்கத்தில் ‘ஆம்’, ‘இல்லை’. முழுப் பதவிக்காலம் 12 வருஷம். இது வெறும் சடங்குதான் என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. 1986இல் இதே மாதிரி ஓட்டில் மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ரோஸ் பேர்டும், கூடவே இரண்டு நீதிபதிகளும் தோற்று வெளியேறினார்கள். மரண தண்டனை வழக்குகள் மேல் இருந்த கோபம் அது.

ஆகவே என் தங்கை மகளுக்கு நான் சொன்ன முதல் யோசனை: எந்த மாநிலத்தில் இருபது வருஷம் வேரூன்றப் போகிறாய் என்று முதலில் முடிவு பண்ணு. மாப்பிள்ளை வேலை சியாட்டிலில், அடுத்து ஆஸ்டினில் என்று வருஷத்துக்கு ஒரு மாநிலம் மாறினால், பத்து வருஷக் கணக்கு ஒவ்வொரு தடவையும் தள்ளிப் போகும். அதைவிட, உன்னை யாருக்கும் தெரியாமல் போகும்.

இனி நான் சொல்வதெல்லாம் எனக்குத் தெரிந்த கலிஃபோர்னியாவை வைத்து.

சட்டக் கல்லூரியிலிருந்து பத்து வருஷம்

கல்லூரியில் இருக்கும்போதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எக்ஸ்டர்னாக, அதாவது பயிற்சி மாணவராகச் சேரலாம். சம்பளம் கிடையாது, கல்லூரி மதிப்பெண் கணக்கில் வரும். பத்து வாரத்தில் இரண்டு வரைவுத் தீர்ப்பு எழுதினாலே, இந்த வேலை பிடிக்குமா பிடிக்காதா என்று தெரிந்துவிடும். தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை.

படித்து முடித்ததும் எங்கே போவது? நான் பார்த்தவரை இரண்டு மூன்று தடங்கள் உண்டு. மாநில அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமை வக்கீல்) அலுவலகத்தில் கிரிமினல் அப்பீல் பிரிவு ஒன்று. அங்கே வருஷம் முழுக்க வாதம் எழுதிக்கொண்டே இருக்கலாம். எதிர்ப்பக்கம் போனால், வசதியில்லாத குற்றவாளிகளுக்கு நீதிமன்றம் நியமிக்கிற அப்பீல் வக்கீல்கள். மாவட்டவாரியாகச் சில அமைப்புகள் அவர்களைப் பழக்கி மேய்க்கின்றன; சான் டியேகோவில் அப்பல்லேட் டிஃபெண்டர்ஸ், சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஃபர்ஸ்ட் டிஸ்ட்ரிக்ட் அப்பல்லேட் புராஜெக்ட் மாதிரி. சிவில் பக்கம் அப்பீல் மட்டுமே செய்கிற சின்ன அலுவலகங்கள் உண்டு. மாநிலப் பார் ‘மேல்முறையீட்டு நிபுணர்’ என்று சான்றிதழும் தருகிறது.

பெரிய நிறுவனத்துக்குப் போனால் காசு கொட்டும். முதல் வருஷ வக்கீலுக்கே 2,25,000 டாலர் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன. மேல்முறையீட்டு நீதிபதிக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல். அதாவது முப்பது வருஷ அனுபவத்துக்கு அப்புறம் வாங்குவதும், நேற்றுத் தேறிய பையன் வாங்குவதும் ரொம்பத் தூரத்தில் இல்லை. இது உறுத்தும் என்றால் இப்போதே விட்டுவிடலாம்.

பெரும்பாலோர் வருவது விசாரணை நீதிமன்றம் வழியாக. முதலில் சுப்பீரியர் கோர்ட் நீதிபதி, சில வருஷம் கழித்துத் தலைமை நீதிபதி தற்காலிகமாக மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்புவார், அங்கே சில மாதம் தீர்ப்பு எழுதிக் காட்டலாம். ஒருவகையில் அது பெண் பார்க்கிற மாதிரிதான், இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளும். நீதிபதியாகவே இல்லாமல் நேராக வக்கீல் மேஜையிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் இனத்திலிருந்து, அதாவது ஆராய்ச்சி வழக்கறிஞர்களிலிருந்து, போனவர்களும் உண்டு. ஷாமா ஹக்கீம் மெசிவாலாவை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்ரமென்டோவில் மூன்றாவது மாவட்டத்தில் நீதிபதி ரானல்ட் ராபியிடம் பல வருஷம் வழக்கறிஞராக வேலை பார்த்தவர். அப்புறம் சுப்பீரியர் கோர்ட் போனார். 2023இல் அதே மூன்றாவது மாவட்டத்துக்கு நீதிபதியாகத் திரும்பி வந்தார். கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் உட்கார்ந்த முதல் தெற்காசிய அமெரிக்கப் பெண் அவர். அந்தச் செய்தி வந்த நாள் எங்கள் வேலைக்காரக் கூட்டத்தில் ஒரு சந்தோஷம் ஓடியது. ஒருத்தருக்கும் அதைச் சத்தமாகச் சொல்லத் தெரியவில்லை, காபி கொஞ்சம் அதிகமாகக் குடித்தோம்.

படிப்பது எப்படி

சரி, இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். இதை ஒழுங்காகச் செய்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று சொல்லமாட்டேன். இதைச் செய்யாமல் மற்றதெல்லாம் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களோடு வேலை பார்ப்பது கஷ்டம்.

நான் சேர்ந்த முதல் வருஷம். போலீஸ் ஒரு காரை நிறுத்திச் சோதனை போட்ட வழக்கு. (இரண்டு மூன்று வழக்கைப் பிசைந்து, அடையாளம் மாற்றிச் சொல்கிறேன்.) ஓட்டுநர் சோதனைக்குச் சம்மதித்தாரா என்பது கேள்வி. அரசு வக்கீலின் வாதத்தில் ‘தெளிவாகச் சம்மதித்தார்’ என்று இருந்தது. எதிர்த்தரப்பு, ‘அது சம்மதமே இல்லை’ என்றது. இரண்டு பேரும் ஆர்.டி. 37ஆம் பக்கத்தைத்தான் காட்டினார்கள். நானும் 37ஐப் பார்த்தேன். “பார்க்கலாமா என்று கேட்டேன், தலையை ஆட்டினார்” என்று காவலர் சொல்லியிருந்தார். விசாரணை நீதிபதி அதை நம்பியிருந்தார். ‘ஓட்டுநர் சம்மதித்த பிறகு காவலர் கதவைத் திறந்தார்’ என்று வரைவில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் வரைவு திரும்பி வந்தது. அந்த வாக்கியத்தின் ஓரத்தில் பென்சிலால் இரண்டே வார்த்தை: “எந்தப் பக்கம்?”

37 என்று எழுதப் போய்க் கை நின்றது. 37இல் தலையாட்டல் இருக்கிறது, கதவு இல்லை. ‘பிறகு’ என்ற வார்த்தை எங்கே இருந்து வந்தது? எங்கிருந்தும் இல்லை, என் தலையிலிருந்து வந்தது. கட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். 41ஆம் பக்கம், குறுக்கு விசாரணை. “நீங்கள் கேட்டபோது கதவு திறந்திருந்ததா?” “ஆமாம்.” “திறந்தது யார்?” “நான்.” அவ்வளவுதான். அதாவது சம்மதம் கேட்பதற்கு முன்பே கதவைத் திறந்தாயிற்று. வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்த நான்கு வரியை எந்தத் தரப்பும் அப்பீலில் தொடவே இல்லை.

அதற்காக நாங்களே ஒரு புது வாதத்தைத் தூக்கித் தீர்ப்பில் போட்டுவிட முடியாது. கலிஃபோர்னியா கவர்ன்மென்ட் கோடு 68081ஆம் பிரிவின்படி, தரப்பினர் எழுதாத ஒரு பிரச்சினையை வைத்து முடிவு செய்வதானால் முதலில் அவர்களுக்கு எழுத வாய்ப்புத் தர வேண்டும். கடிதம் போனது. அரசுத் தரப்பு பதில் எழுதியது: இந்தக் காரணத்தை விசாரணை நீதிமன்றத்தில் எழுப்பவே இல்லை, ஆகவே கைவிட்டதாகிவிட்டது. நிஜம்தான். எழுப்பியிருக்கவில்லை. தண்டனை மாறாமல் நிலைத்தது.

41ஆம் பக்கத்தைக் கண்டுபிடித்து என்ன பிரயோஜனம் என்று அன்றைக்கு எனக்கு ஆற்றாமையாக இருந்தது. நீதிபதியிடம் கேட்டேவிட்டேன். “இந்த மனுஷன் சிறையில் உட்கார்ந்து இந்தத் தீர்ப்பைப் படிப்பான். அவனுக்குக் கதவைத் திறந்தது யார் என்று தெரியும். நமக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியட்டும்” என்றார். தீர்ப்பில் அந்த நான்கு வரியும் பக்க எண்ணோடு இருக்கிறது.

அன்றிலிருந்து என் முறை இது. முதலில் வாதங்களைப் படிக்காதீர்கள். கட்டின் கடைசியில் இருக்கும் தீர்ப்பையும் அப்பீல் நோட்டீஸையும் பாருங்கள். நோட்டீஸ் கெடுவுக்குள் போடப்பட்டிருக்கிறதா? பொதுவாக 60 நாள். ஒருநாள் தாண்டினாலும், வழக்கு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், எங்கள் கையில் அதிகாரமே இல்லை. அப்புறம் ஆர்.டி.யை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். அதற்கப்புறம்தான் வாதங்கள். கதை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்பதால், வக்கீல் எங்கே விழுங்குகிறார் என்பது பல்லில் கல் கடிபடுகிற மாதிரி உடனே தெரியும்.

எழுத உட்காரும்போது முதல் கேள்வி, யார் சரி என்பதாக இருக்கக் கூடாது. எந்தக் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. சட்டத்தின் அர்த்தம் என்ன என்றால், விசாரணை நீதிபதி சொன்னதைப் பொருட்படுத்தாமல் நாங்களே புதிதாகப் பார்க்கலாம். யார் சொன்னது உண்மை என்றால், ஓரளவு சாட்சியம் இருந்தாலே போதும், எங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அவர் முடிவு நிலைக்கும். அவர் விருப்பத்துக்கு விட்ட முடிவு என்றால், அவர் வரம்பு தாண்டினாரா என்று மட்டும் பார்க்கலாம். புதிதாக வருகிற நீதிபதிகள், அதுவும் விசாரணை நீதிமன்றத்தில் இருந்து வருகிறவர்கள், தடுக்கி விழுவது இரண்டாவதில்தான். ‘நானாக இருந்தால் அந்தச் சாட்சியை நம்பியிருக்க மாட்டேன்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். சாட்சியின் முகத்தைப் பார்த்தது நீங்கள் இல்லை.

இன்னொன்று, தப்பு நடந்திருந்தாலே தீர்ப்பைக் கவிழ்த்துவிட முடியாது. கலிஃபோர்னியா அரசமைப்பின் 6ஆம் உறுப்பு, 13ஆம் பிரிவு, நீதி பிறழ்ந்திருந்தால் மட்டுமே கவிழ்க்கலாம் என்கிறது. தப்பு நடக்காமல் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று பார்க்க வேண்டும். அதற்கும் பதில் கட்டுக்குள்தான் இருக்கிறது.

விண்ணப்பம்

கவர்னர் அலுவலகத்தின் படிவம் நீளமானது. வேலை வரலாறு, முக்கியமான வழக்குகள், எதிரில் நின்ற வக்கீல்கள் யார், எந்த நீதிபதி முன் வாதாடினீர்கள் என்று நோண்டி நோண்டிக் கேட்கும். இதற்காகவே முதல் வருஷத்திலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளச் சொல்லுவேன்: வழக்கு, எண், எதிர் வக்கீல், நீதிபதி, என்ன ஆயிற்று. பதினைந்து வருஷம் கழித்து இதை ஞாபகத்திலிருந்து தோண்டி எடுக்க முடியாமல் ஒரு சிநேகிதி ஒரு கோடை விடுமுறையையே தொலைத்தாள்.

கவர்னருக்கு உங்களைப் பிடித்திருந்தால் பெயர் மாநிலப் பாரின் மதிப்பீட்டுக் குழுவுக்குப் போகும். வக்கீல்களும் பொதுமக்களும் இருக்கிற குழு. அவர்கள் உங்களைத் தெரிந்த வக்கீல்கள், நீதிபதிகள் பலருக்கு ரகசியக் கேள்வித்தாள் அனுப்புவார்கள். குழுவுக்கு 90 நாள் கெடு. கடைசியில் நான்கு தரத்தில் ஒன்று: மிகச் சிறந்த தகுதி, நல்ல தகுதி, தகுதி, தகுதியில்லை.

இந்த இடத்தில்தான் நல்ல நல்ல ஆட்கள் சறுக்குகிறார்கள். கேள்வித்தாள் உங்கள் நண்பர்களுக்கு மட்டும் போகாது. உங்களிடம் தோற்றவர்களுக்கும் போகும், உங்களை ஜெயித்தவர்களுக்கும் போகும். சட்டத்தைக் கரைத்துக் குடித்த ஒருவர் எனக்குத் தெரியும். எதிர் வக்கீல் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வாரம் கெடு கேட்டால்கூடக் கொடுக்கமாட்டார். கிளார்க்குகளிடம் எரிந்து விழுவார். பெயர் எதற்கு? அவர் இன்னும் வக்கீலாகத்தான் இருக்கிறார். அதே ஊரில், எங்கள் நீதிபதியிடம் வக்கீல் காலத்தில் மூன்று தடவை தோற்ற ஒருவர், குழுவுக்கு எழுதியதை அவரே பிற்பாடு சிரித்துக்கொண்டு சொன்னார்: “அந்த அம்மா என் வாதத்தை என்னைவிட நன்றாக எடுத்துச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் உடைப்பார்.” இதைவிட ஒரு சிபாரிசு எங்கே கிடைக்கும்? எதிரியின் வாதத்தை அதன் பலத்தோடு எழுதப் பழகினால் அது நல்ல குணம் மட்டுமில்லை, நாளைக்குச் செய்யப் போகிற வேலைக்கு ஒத்திகையும்கூட.

நியமனம் அறிவித்த பிறகும் ஒரு படி இருக்கிறது. மாநிலத் தலைமை நீதிபதி, அட்டர்னி ஜெனரல், அந்த மாவட்டத்தின் மூத்த தலைமையமர்வு நீதிபதி ஆகிய மூன்று பேர் கொண்ட ஆணையம் பகிரங்கமாகக் கூடி விசாரிக்கும். பார் குழுவின் தரம் அங்கே வாசிக்கப்படும். உங்களுக்காகப் பேச ஓரிருவரைக் கூட்டிப் போகலாம். பெரும்பாலும் இனிமையாகவே முடியும், அன்றே உறுதி செய்துவிடுவார்கள். அம்மா அப்பாவை ஊரிலிருந்து வரவழைக்க இந்த நாள்தான் தோது.

உட்கார்ந்த பிறகு

வழக்கு முடிவுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் தீர்ப்பு வர வேண்டும். வராவிட்டால் சம்பளம் நிற்கும். இது மிரட்டல் பேச்சு இல்லை, அரசமைப்பிலேயே எழுதியிருக்கிறது. நிலுவை எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டால்தான் சம்பளம் வரும். அதனால் இங்கே வாதம் நடப்பதற்கு முன்னாலேயே வரைவு எழுதி மூன்று பேருக்கும் போயிருக்கும். ரிவர்சைடில் ஒருபடி மேலே போய், அந்த வரைவை வக்கீல்களுக்கே முன்கூட்டிக் காட்டிவிடுகிறார்கள். எங்கே தப்பு என்று வந்து சொல்லுங்கள் என்கிற மாதிரி. எல்லா இடத்திலும் அப்படிச் செய்தால் தேவலை என்பது என் கட்சி. வரைவு ஏற்கெனவே எழுதியாயிற்றா, அப்படியானால் எதற்கு வாதம் என்று கேட்கிறவர்களுக்கு: மாறியதைப் பார்த்திருக்கிறேன். அடிக்கடி இல்லை.

எழுதுவதில் பத்தில் ஒன்பது தீர்ப்பு அச்சேறாது. ‘பிரசுரத்துக்கு அல்ல’ என்ற முத்திரையோடு போகும், மற்ற வழக்கில் அதை மேற்கோள் காட்டக் கூடாது. பெயர் புத்தகத்தில் வரும் என்று ஆசைப்பட்டு வருகிறவர்கள் இதில் வாடிப் போவார்கள். யாரும் மேற்கோள் காட்டப் போகாத தீர்ப்புக்கும் அதே அளவு பக்கம் புரட்டுகிறாரா என்று வைத்துத்தான் நாங்கள் பின்னால் இருந்து ஒரு நீதிபதியை எடை போடுகிறோம்.

வீட்டிலும் சில மாறும். நடக்கிற எந்த வழக்கைப் பற்றியும் பொதுவில் கருத்துச் சொல்லக் கூடாது, எந்த ஊர் நீதிமன்றமாக இருந்தாலும். நிதி திரட்டக் கூடாது. அதனால் தமிழ்ச் சங்கத்துக்கு ரசீதுப் புத்தகம் தூக்கிக்கொண்டு போக முடியாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மச்சான் ஏதாவது ஒரு தீர்ப்பைப் போட்டு, “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டால் கும்பிடு படம் ஒன்று போட்டுவிட்டு நகர வேண்டும். நீதிபதியாக இல்லாத எனக்கே இந்தக் கட்டுப்பாடு பாதி உண்டு. பழகிவிடும்.

என் தங்கை மகளுக்கு இதையெல்லாம் ஒன்றரை மணி நேரம் சொன்னேன். “அப்ப இந்த வாரம் என்ன பண்ணட்டும் பெரியம்மா?” என்றாள். இந்தக் கேள்வி பிடித்திருந்தது. அவள் இருப்பது சாக்ரமென்டோ பக்கம். மூன்றாவது மாவட்ட நீதிமன்றம் கேப்பிட்டல் மால் சாலையில், ஸ்டான்லி மாஸ்க் பெயர் வைத்த நூலக நீதிமன்றக் கட்டடத்தில் இருக்கிறது. வாதப் பட்டியல் இணையத்தில் போடுவார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம், டிக்கெட் கிடையாது, பெரும்பாலும் கூட்டமும் இருக்காது. போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடு. முதல் வரிசை வக்கீல்களுக்கு, பின்னால் உட்கார். நீதிபதிகள் கேட்கிற கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வா. மதியத்துக்குள் எண்ணிப் பார், அதில் எத்தனை கேள்வி பக்க எண்ணைக் கேட்கிறது என்று.